கோடையில் நீலகிரிக்குச் சொந்தக் காரில்: முதன்முறை மலையேறுவோருக்கு ஒரு வழிகாட்டி

கோடை விடுமுறையில் நீலகிரிக்குப் போகத் திட்டமிடுவோர் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். தாவரவியல் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா, பைக்காரா என்று வரிசையாக எழுதி, அத்தனையையும் இரண்டு நாளுக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். மே மாதத்தில் அப்படிப் போனால் உதகையின் சேரிங்கிராஸ் சந்திப்பில் காருக்குள் உட்கார்ந்தபடி முன்னால் நிற்கும் வேனின் பின்பக்கத்தைத்தான் நெடுநேரம் பார்க்க நேரிடும். சொந்த வாகனத்தில் போவதன் பயனே வழியைப் பார்த்துக்கொண்டு போவதுதான். எனவே எந்தச் சாலையில், எந்தத் திசையில், எந்த நேரத்தில் போவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, இடங்களை அதற்குள் பொருத்துவதே சரியான முறை என்பது என் கருத்து. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, உதகையின் மேற்குப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கோத்தகிரி வழியாக இறங்கும் நான்கு நாள் பயணத்தை, மலைச்சாலையில் இதுவரை ஓட்டியிராதவர்களை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன்.

எப்போது புறப்படுவது

நீலகிரியில் ஏப்ரலும் மே மாதமும் முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் இரண்டாம் சீசன். சமவெளி கொதிக்கும் நாட்களிலும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் பகலில் இதமான வெயிலும் இரவில் கம்பளி தேவைப்படும் குளிரும் இருக்கும். அதே காரணத்தால்தான் எல்லோரும் அந்த நாட்களில் வருகிறார்கள். மே மாதத்தில் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் நெரிசல் உச்சத்தில் இருக்கும். மலர்களைப் பார்ப்பதே நோக்கம் என்றால் மட்டும் அந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள். பள்ளித் தேர்வுகள் முடிந்திராத ஏப்ரல் முற்பகுதி வாய்க்குமானால் அதைவிட நல்ல காலம் இல்லை. ஜகரந்தா மரங்கள் ஊதாவும் நீலமும் கலந்த நிறத்தில் பூத்திருக்கும். சாலையும் ஓரளவு காலியாக இருக்கும். விடுமுறை மே மாதத்தில்தான் கிடைக்கும் என்பவர்கள் திங்கள் முதல் வியாழன் வரை மலையில் இருக்குமாறு பார்த்துக்கொண்டால், வார இறுதிக் கூட்டத்திலிருந்து பெரிதும் தப்பலாம்.

கோடை மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏப்ரல் இறுதியிலிருந்து பிற்பகல்களில் திடீரென்று இடியுடன் மழை பெய்வதுண்டு. காலையில் ஓட்டி, மதியத்துக்குப் பிறகு தங்குமிடத்தை ஒட்டியே இருப்பது என்ற ஒழுங்கை வைத்துக்கொண்டால் அந்த மழை இடைஞ்சலாகத் தோன்றாது. பயணம் ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனால் திட்டத்தையே மாற்றுங்கள். தென்மேற்குப் பருவமழை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில்தான் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அவற்றுக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியம். ஆகவே ஜூன் மாதத்தில் போகிறவர்கள் கிழக்குப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இ-பாஸ், நெகிழித் தடை

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்தது. இத்தகைய வரம்புகளும் அவற்றுக்கான நாட்களும் சீசனுக்குச் சீசன் அறிவிக்கப்படுபவை என்பதால், புறப்படும் வாரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். வாகன எண், பயணிகளின் எண்ணிக்கை, வந்து போகும் தேதிகள், தங்குமிடம் ஆகிய விவரங்களைத் தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் பதிவு செய்தால் கியூஆர் குறியீட்டுடன் அனுமதி கிடைக்கும். கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டியதில்லை. அறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பாஸ் எடுத்துவிடுவது நல்லது, ஏனெனில் வரம்பு நடைமுறையில் இருக்கும் வார இறுதிகளில் அறை கிடைத்தும் பாஸ் கிடைக்காத நிலை வரலாம். சோதனைச்சாவடியில் இணையம் கிடைக்காமல் போகக்கூடும் என்பதால் அதைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே சோதனைச்சாவடியில் நெகிழிப் பொருட்களையும் தேடுவார்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்கள் உட்பட ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருட்களுக்கு மாவட்டத்தில் தடை உள்ளது. சென்னையிலிருந்து பெட்டியாகத் தண்ணீர் வாங்கி டிக்கியில் அடுக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதைக் கீழேயே விட்டுவிட்டு, சில நேரம் அபராதமும் கட்டிவிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டிலும் காருக்கு ஒரு பெரிய கேனும் போதும்.

மேட்டுப்பாளையம் வரை

சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்து, விடியற்காலையில் அப்படியே மலையேறுவது பலருக்கும் பழக்கமாக இருக்கிறது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் களைத்த கண்ணும் காலும் மலைப்பாதைக்கு ஏற்றவை அல்ல. மலையேறுவதற்கு முந்தைய நாள் மாலைக்குள் மேட்டுப்பாளையத்துக்கோ கோயம்புத்தூருக்கோ வந்து தங்கிவிட வேண்டும். சேலம் வழியாக வருகிறவர்கள் அவிநாசியிலிருந்து அன்னூர் வழியாக நேரே மேட்டுப்பாளையம் சேரலாம்; கோவை நகர நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை. ஈரோடு, கோபி பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சத்தியமங்கலம், சிறுமுகை வழி வசதியானது.

வண்டியைப் பொறுத்தவரை, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பிரேக் பேடுகள், பிரேக் ஆயில், கூலன்ட், டயர்கள், வைப்பர், முன்பின் விளக்குகள் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. மேலே கிளட்ச் கருகி நிற்கும் கார்களில் பல, ஏற்கெனவே தேய்ந்த கிளட்சோடு ஏறியவைதான். பெட்ரோலை மேட்டுப்பாளையத்திலேயே நிரப்பிக்கொண்டு, மலைப்பகுதியின் வரைபடத்தைக் கைப்பேசியில் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். ஆனால் வரைபடச் செயலி காட்டும் குறுக்குவழிகளை நம்ப வேண்டாம். தேயிலைத் தோட்டத்து ஒற்றைத்தடத்தையும் நெடுஞ்சாலையையும் அது ஒரே மாதிரியாக எண்ணிக்கொள்ளும்.

காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை, மஞ்சூர் வழியாக ஏறும் பாதை ஒன்று உண்டு. 43 கொண்டை ஊசி வளைவுகளும் அடர்ந்த காடும் கொண்ட அழகான பாதை அது. யானை நடமாட்டம் மிகுந்தது, உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது, முள்ளியில் அனுமதி மறுக்கப்படுவதும் உண்டு. முதல் பயணத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் நாள்: ஏற்றம்

சீசன் நாட்களில் காவல் துறை மேட்டுப்பாளையம் சாலைகளை ஒருவழிப்பாதையாக மாற்றுவது வழக்கம்: ஏறும் வாகனங்கள் குன்னூர் வழியாகவும், உதகையிலிருந்து இறங்கும் வாகனங்கள் கோத்தகிரி வழியாகவும் செல்ல வேண்டும். நம் பயணத்தின் திசையே அதுதான் என்பதால் கவலையில்லை. காலை ஆறரை மணிக்குள் மேட்டுப்பாளையத்தைக் கடந்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

ஊரைத் தாண்டியதும் பாக்குத் தோப்புகளுக்கு இடையே சமதளமான சாலை கல்லாறு வரை போகும். ஏற்றம் அங்கேதான் தொடங்குகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறத்தாழ 34 கிலோமீட்டர். அதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகளுடன் சுமார் 1,400 மீட்டர் உயர வேண்டும். எஞ்சின் திணறத் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைப்பது மலை ஓட்டுதலின் முதல் பாடம். வளைவுக்குள் நுழைந்த பின் கிளட்சை மிதித்து கியர் மாற்ற முயன்றால் வண்டி இழுவையை இழந்து பின்னால் சரியும். ஆகவே வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கோ முதல் கியருக்கோ வந்துவிட்டு, வளைவு முழுவதையும் அதே கியரில் கடக்க வேண்டும். இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவுகள் கூடுதல் கவனம் கேட்பவை. நாம் இடப்பக்கமாக ஓட்டுவதால் அங்கே நமக்குக் கிடைப்பது உள்வட்டம். அதுதான் மிகச் செங்குத்தானதும் குறுகலானதுமாகும். தயங்காமல் முதல் கியரைப் போடுங்கள்.

மேலிருந்து அரசுப் பேருந்தோ லாரியோ வருவது தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் அதற்குக் கீழேயே நின்று, அது திரும்பிப் போகும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நீளத்துக்குத் திரும்ப முழுச் சாலையும் தேவை. மலைச்சாலையில் ஏறும் வாகனத்துக்கே முன்னுரிமை என்பது சாலை விதி; ஆனால் கொண்டை ஊசி வளைவில் பேருந்தோடு விதியைப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அப்படி நிற்கும்போது காரைக் கிளட்சால் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, புறப்படும்போது கிளட்ச் பிடிக்கும் இடத்தை உணர்ந்த பின் பிரேக்கை விடுவியுங்கள். இதைச் சொந்த ஊரிலேயே ஏதாவதொரு மேம்பாலத்து ஏற்றத்தில் பத்து முறை பழகிவிட்டு வந்தால், மலைப்பாதையின் அச்சத்தில் பாதி அங்கேயே போய்விடும். எஞ்சின் சூடு ஏறினால் ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். கல்லாறு தாண்டியபின் வரும் காற்று ஏ.சி.யைவிட நன்றாகத்தான் இருக்கும்.

பர்லியாரில் சாலையோரப் பழக்கடைகள் உண்டு. கல்லாறிலும் பர்லியாரிலும் அரசுப் பழப்பண்ணைகள் இருப்பதால், மங்குஸ்தான், துரியான் போன்ற சமவெளியில் எளிதில் கிடைக்காத பழங்கள் பருவத்தில் இங்கே விற்பனைக்கு வரும். நிறுத்துங்கள், வாங்குங்கள்; ஆனால் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்குங்கள், குரங்குகள் காத்திருக்கின்றன. அவற்றுக்கு எதையும் போடாதீர்கள்.

வாந்தி வரும் இயல்புள்ளவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமலும் வெறும் வயிற்றோடும் வராமலும் இரண்டு இட்லியோடு கிளம்பி, முன் இருக்கையில் அமர்ந்து, கைப்பேசியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்து வருவது பெரும்பாலும் போதும். மாத்திரை தேவையெனில் மருத்துவரைக் கேட்டுப் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும் என்பதால் ஓட்டுநர் போடக் கூடாது.

இரண்டு இரவுகள் குன்னூரில்

உதகையில் தங்காமல் குன்னூரில் தங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து உதகை 20 கிலோமீட்டருக்குள்தான். குளிர் சற்றுக் குறைவு, தேயிலைச் சரிவுகள் வாசலிலேயே தொடங்கும். அறை தேடும்போது வாகனம் நிறுத்த இடமுண்டா, வாசல் வரை கார் போகுமா என்ற இரண்டையும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். படத்தில் அழகாகத் தெரியும் பல விடுதிகளுக்குப் போகும் பாதை, புதியவர்கள் ஓட்டக்கூடிய பாதையாக இருப்பதில்லை.

1874-இல் உருவான சிம்ஸ் பூங்காவை வந்த நாளின் பிற்பகலில் நிதானமாகப் பார்க்கலாம். லாம்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ் ஆகிய காட்சிமுனைகள் இரண்டும் ஒரே சாலையில் உள்ளன. தேயிலைத் தோட்டங்களின் ஊடாகப் போகும் அந்தச் சாலை குறுகலானது; மறுநாள் காலை எட்டு மணிக்கே போய்விட்டால் எதிரே வண்டி குறைவு, மேகமும் ஏறியிருக்காது. டால்பின்ஸ் நோஸிலிருந்து பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் கேத்தரின் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும்.

உதகை நகரைக் காரில் சுற்றவே வேண்டாம். காரை விடுதியிலேயே விட்டுவிட்டு, குன்னூரிலிருந்து மலை ரயிலில் உதகைக்குப் போய்வாருங்கள். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய இந்த ரயில் 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. செங்குத்தான ஏற்றத்தில் ரயில் வழுக்காமல் ஏற உதவும் பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையேதான். அதற்கு மேலுள்ள பகுதியில் சாதாரணத் தண்டவாளம். ஆனாலும் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் நிலையங்கள் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் போகும் அந்தப் பயணம், ஓட்டுநரும் ஜன்னலோரம் உட்காரக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. முன்பதிவு செய்யாவிட்டால் சீசனில் இடம் கிடைப்பது கடினம். 1848-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்கு உதகை நிலையத்திலிருந்து ஆட்டோவிலோ, சீசனில் அரசு விடும் சுற்றுப்பேருந்திலோ போகலாம். வாகன நிறுத்துமிடம் தேடும் வேலை இல்லாத உதகை வேறு ஓர் ஊராகவே தோன்றும்.

மூன்றாம் நாள்: மேற்கே

காலை ஆறு மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினால், கூட்டம் எழுவதற்குள் உதகையைக் கடந்துவிடலாம். அவலாஞ்சி, பைக்காரா இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். காட்டையும் நீர்த்தேக்கத்தையும் அமைதியாகப் பார்க்க விரும்புவோருக்கு அவலாஞ்சி. அங்கே வனத் துறை வாகனத்தில்தான் உள்ளே அழைத்துச் செல்வார்கள், மழை எச்சரிக்கை இருந்தால் மூடிவிடுவார்கள். சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்குக் கூடலூர் சாலையிலுள்ள பைக்காரா எளிது. வழியெல்லாம் புல்வெளிக் குன்றுகள். நேரமிருந்தால் அதே சாலையில் நடுவட்டம் தாண்டி ஊசிமலைக் காட்சிமுனை வரை போய்த் திரும்பலாம்.

மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கினால் தூரம் குறையும் என்று யாராவது சொன்னாலோ, செயலி காட்டினாலோ அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலை மிகச் செங்குத்தானது. 2018-இல் நேர்ந்த கோர விபத்துக்குப் பிறகு வெளியூர் வாகனங்கள் அதில் இறங்க அனுமதியில்லை. மைசூரு, பெங்களூரு திரும்புகிறவர்கள் கூடலூர் வழியாகவே செல்ல வேண்டும். பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும் என்பதையும் நினைவில் வைத்துப் புறப்படும் நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

மாலைக்குள் உதகையிலிருந்து கோத்தகிரி வந்து சேருங்கள். தொட்டபெட்டா சந்திப்பைத் தாண்டியதும் சோலைக்காடும் தேயிலையும் மாறிமாறி வரும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்துக்கு இங்கிருந்துதான் பிரிய வேண்டும். சந்திப்பிலேயே வண்டிகள் வரிசையில் நின்றால் விட்டுவிடுங்கள், நாளை கோடநாட்டில் அதற்கு ஈடான காட்சி உண்டு. இந்தச் சாலையில் பிற்பகலில் மேகம் இறங்குவது சாதாரணம். அப்போது ஹை பீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணிலேயே திரும்ப அடிக்கும். லோ பீமும் பனிவிளக்கும் போட்டு, இடது ஓரத்தைப் பார்த்து மெதுவாகப் போக வேண்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அந்தி நேரத்தில் காட்டெருமைகள் சாலைக்கு வரும். அவை கடக்கும் வரை தள்ளி நில்லுங்கள்.

கோத்தகிரியில் சூடான தேநீரோடு வர்க்கி சாப்பிடுங்கள். ஊட்டி வர்க்கி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. வீட்டுக்கு வாங்குவதானால் அன்று சுட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் நாள்: இறக்கம்

விடிந்ததும் கோடநாடு காட்சிமுனைக்குப் போனால் மாயாறு பள்ளத்தாக்கும், தெளிவான நாளில் தொலைவில் பவானிசாகர் நீர்த்தேக்கமும் தெரியும். திரும்பும் வழியில் கன்னேரிமுக்கில் கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய வீடு நினைவகமாக இருக்கிறது. உதகைக்கு முன்பே வெள்ளையர் குடியேற்றம் தொடங்கியது கோத்தகிரியில்தான் என்பது பலருக்குத் தெரியாது.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது. கோத்தகிரிச் சாலை குன்னூர்ச் சாலையைவிடச் சற்று எளிது என்பதால் வேகம் கூடிவிடும். அங்கேதான் தவறு நேர்கிறது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைப்பதும் உயிரோடு விளையாடுவது: எஞ்சின் அணைந்தால் பிரேக்கின் உதவிவிசையும் போய்விடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும். தானியங்கி கியர் வண்டிகளில் ‘டி’யில் வைத்துவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பாமல், ‘எல்’ அல்லது மேனுவல் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மின்சாரக் காரில் வருகிறவர்கள் மேலே பேட்டரியை முழுவதும் நிரப்ப வேண்டாம். நிரம்பிய பேட்டரியில் மின்னைத் திருப்பிச் சேமிக்க இடமில்லாததால், இறக்கத்தில் வேகத்தைத் தானாகக் குறைக்கும் வசதி பலவீனமாகிவிடும்.

பிரேக்கை விடாமல் லேசாக மிதித்துக்கொண்டே வருவதைக் காட்டிலும், தேவைப்படும்போது அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவது நல்லது. கருகும் வாடை வந்தாலோ பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சரிவில் நிறுத்தும்போது கியரில் போட்டு, முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி வையுங்கள். முட்டுக் கொடுத்த கல்லைக் கிளம்பும்போது சாலையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முள்ளூர், குஞ்சப்பனை வட்டாரத்தில் பலாப்பழப் பருவத்தில் யானைகள் வரும். கோடையின் பிற்பகுதி அந்தப் பருவம்தான். யானையைக் கண்டால் தொலைவிலேயே நிறுத்தி, பின்னால் நகர இடம் விட்டு, ஹாரன் அடிக்காமல், விளக்கை மின்னச் செய்யாமல், இறங்காமல் காத்திருங்கள். அரசுப் பேருந்து வந்தால் அதன் பின்னால் போவதே பாதுகாப்பு. ஓட்டுநர்களுக்கு அந்தச் சாலையின் யானைகள் பழக்கம்.

மதியத்துக்குள் மேட்டுப்பாளையம் இறங்கிவிடலாம். பஞ்சர் கடையொன்றில் நிறுத்தி டயர்களையும் காற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயே மதிய உணவை முடித்துக்கொண்டு சென்னைக்காரர்கள் சேலம் வரை ஓட்டித் தங்கிவிட்டு, மீதித் தூரத்தை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.